நோட்டீசின் இரண்டாம் பத்தி

வாயைத் திறந்துவிட்டாள். படம் தொடங்கி அரைமணி நேரம் பெருக்கிக்கொண்டும் துடைத்துக்கொண்டும் வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டும் இருந்தவள், நான் எழுதியபடியே வாயில்லாதவளாக இருந்தவள், இப்போது முதலாளி மகளின் முத்துமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பேசுகிறாள். மூச்சு விடாமல் பேசுகிறாள். திரைக்குக் கீழே தமிழில் வரி மேல் வரியாக ஓடுகிறது. அவ்வளவையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பக்கத்து நாற்காலியில் மயிலாத்தாள். கண் அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறதாம், புது லென்ஸ், தூரத்தில் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், ஆனால் எழுத்து ஓடுகிற வேகத்துக்கு அவளால் ஓட முடியவில்லை. எப்படி ஓட முடியும், முப்பது வயதுக்கு மேல் சங்கத்து மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள். "ஏனுங் தோழர், என்னமோ சொல்லுதே அந்தப் புள்ள, என்னுங்?" என்று முழங்கையால் இடிக்கிறாள். நான் அவள் காதருகே குனிந்து சொல்கிறேன், இந்த மாலை கழுத்தில் இருந்தால் குரல்கூட மாறிவிடும் போலிருக்கிறது என்கிறாள், மாலையைக் கழற்றினாலும் குரல் இருக்குமா என்று கேட்டுக்கொள்கிறாள். மயிலாத்தாள் "அட" என்கிறாள். வாசலோர மேசையில் இருநூறு நோட்டீஸ் அடுக்கி இருக்கிறது, அதன் இரண்டாம் பத்தி எனக்கு மனப்பாடம்: இப்படத்தில் உழைக்கும் பெண் ஒருத்தி வருகிறாள், படம் முழுவதும் அவளுக்கு ஒரு சொல் இல்லை, ஒரு பெயர் இல்லை. பெயர் ஸ்டமாதா. இதுவரை நாலு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். நானே மயிலாத்தாள் காதில் மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

நோட்டீஸ் முன்னாலேயே அச்சாகிவிடுவது எங்கள் வழக்கம். நேற்று முளைத்தவர்களுக்கு இது புரியாது. தீர்மானம் கூட்டத்துக்கு முந்தைய நாளே எழுதப்பட்டு, எழுத்துக் கோர்த்து, கடைசி வரியில் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று சேர்த்து அச்சடித்துக் கட்டிவைக்கப்பட்டிருக்கும். போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்தாலும் தீர்மானம் ஊருக்குள் போய்விட வேண்டும், அதற்காக ஏற்பட்ட முறை அது. எத்தனை தடவை மேடை ஏறுவதற்குள் வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். நான் லாக்கப்பில் உட்கார்ந்திருந்தபோது என் தீர்மானம் டீக்கடைகளில் ஏகமனதாக நிறைவேறிக்கொண்டிருந்தது. எட்டாவதோடு நின்றவன் நான், படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம், அரையணா வெளியீடு, பேருந்து நிலையத்தில் யாரோ கையில் திணித்துவிட்டுப் போன தாள்கள், ஆனால் ஐம்பது வருடத்தில் நான் எழுதிய ஒரு நோட்டீசையும் திரும்பப் பெற்றதில்லை. எதிர்க்கட்சிக்காரன்கூட இதை மட்டும் ஒத்துக்கொள்வான். திருமூர்த்தி எழுதினால் எழுதினதுதான். இந்த ஆஃப்ரின் என் வீட்டுக்கு வந்து கேட்டபோதும் அந்தப் பேரை நம்பித்தான் கேட்டாள். கல்லூரியில் பாடம் எடுக்கிறாள், திரைப்பட வட்டத்துக்குச் செயலாளர், வாயைத் திறந்தால் பிரதிநிதித்துவம். "அறுபதுகள்ல வந்த ஒரு கிரேக்கப் படம் தோழர், காதல், சிரிப்பு, அவ்வளவுதான். ஆனா அதுல யாரைக் காட்டறாங்க, யாரைக் காட்டல, யாரை எப்படிக் காட்டறாங்கன்னு நீங்க ஒரு பத்து நிமிஷம் பேசுனா நல்லாருக்கும். எங்க பசங்க புத்தகத்துல இருந்து பேசுவாங்க. நீங்க பேசுனா வேற மாதிரி இருக்கும்." வேறு மாதிரி என்றால் என்ன, பழைய மாதிரி. மேடையில் எங்கள் ஆள் எங்கே என்று நாங்கள் கேட்டபோது இவள் பிறந்தே இருக்க மாட்டாள். அதைச் சொல்லவில்லை. சரி என்றேன். முழுப் படத்தையும் போனுக்கு அனுப்பினாள். கூடவே ஒரு துண்டு, இரண்டு நிமிடம், விருந்துக் காட்சி. அந்தத் துண்டை ஏழு தடவை பார்த்தேன், ஓரத்தில் ஏப்ரன் போட்ட ஒருத்தி வாய் திறக்காமல் தட்டேந்திப் போகிறாள், ரத்தம் கொதித்தது, உட்கார்ந்து எழுதிவிட்டேன். ஒரு துண்டு போதாதா? ஒரு முதலாளியைத் தெரிந்துகொள்ள அவன் ஆலை முழுக்கச் சுற்றிப் பார்க்க வேண்டுமா? போன வாரம் அவள் கேட்டாள், "முழுசாப் பாத்தீங்களா தோழர்?" பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சு என்றேன். கொஞ்சம் நிறுத்தி, முழுசாப் பார்த்தாச்சு என்றும் சொன்னேன். எதற்கு அந்த இரண்டாவது வார்த்தை? முதல் வார்த்தையோடு நின்றிருந்தால் இன்றைக்கு ஒரு வழி இருந்திருக்கும்.

ஜன்னல்களுக்கு மேல் கறுப்புத் துணி அடித்திருக்கிறார்கள், எங்கள் சங்கத்தின் பழைய கறுப்புக்கொடித் துணிதான், தைத்துச் சேர்த்திருக்கிறார்கள், தையல் விட்ட இடத்தில் பதினொரு மணி வெயில் கோடாக உள்ளே வருகிறது. காற்றாடி சத்தம்தான் போடுகிறது. நாற்பது பேர் இருப்பார்கள். முன் வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள். பின்னால் ஓய்வுபெற்ற ஆலைக்காரர்கள் ஏழெட்டுப் பேர், எனக்காக வந்தவர்கள், என்னோடு சண்டை போட்டுப் பிரிந்து போனவர்களும் இரண்டு பேர், அவர்களும் எனக்காகத்தான் வந்திருக்கிறார்கள், வேறு விதத்தில். திரையில் சாப்பாட்டு மேசை. கதை ஒன்றும் பெரிதில்லை, கப்பல் முதலாளி மகள் ஃபோதினி, தன்னைப் பெண்பார்க்க வருகிறவன் பணத்துக்கு வருகிறானா என்று தெரிந்துகொள்ள வேலைக்காரி வேடம் போட்டுக்கொள்கிறாள், வேலைக்காரியை மகளாக நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறாள். அப்பனும் வேறு வழியில்லாமல் நாடகத்துக்கு ஒத்து ஊதுகிறான். மாப்பிள்ளையின் அம்மா, கழுத்தெல்லாம் நரித்தோல், இந்தக் காலத்தில் வேலைக்காரர்களை நம்பவே முடிவதில்லை என்கிறாள். ஸ்டமாதா கரண்டியை வைக்கிறாள். "என்னுங் சொல்லுது? என்னுங்?" சொல்கிறேன். எங்கள் வீட்டு வேலைக்காரி பெயர் ஸ்டமாதா, எட்டு வருடமாக இங்கே இருக்கிறாள், அவள் எந்தத் தீவிலிருந்து வந்தாள் என்று அப்பாவைக் கேளுங்கள். எல்லோரும் அப்பனைப் பார்க்கிறார்கள். அப்பன் விழிக்கிறான், தொண்டையைச் செருமுகிறான், ஏதோ ஒரு தீவின் பெயரைச் சொல்கிறான், அது தப்பு. அரங்கமே சிரிக்கிறது, மயிலாத்தாள் என் தோளில் தட்டிச் சிரிக்கிறாள். "மாட்டிக்கிட்டாம் பாருங்க! எட்டு வருசம் அவ கையில தின்னுபோட்டு!" நானும் சிரிக்க வாயைத் திறந்தேன், பாதியில் நின்றுவிட்டது. மயிலாத்தாள் எந்த ஊர்? பல்லடம் பக்கமா? இல்லை, அது ஆலையில் நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் இவளோடு இருந்த இன்னொருத்தி. அவிநாசியா? எழுபத்தெட்டாம் வருட வேலைநிறுத்தத்தில் ஆலை வாசலில் ரீலிங் பெண்கள் பதினொரு பேர் பத்தொன்பது நாள் உட்கார்ந்தார்கள், ஆண்கள் பதினைந்தாம் நாளே பேச்சுவார்த்தைக்குப் போய்விட்டோம், நானும்தான் போனேன், அவர்கள் எழுந்திருக்கவில்லை. முன்னால் உட்கார்ந்தவள் இவள். எந்த ஊரிலிருந்து நடந்து வந்தாள் ஒவ்வொரு நாளும்? ஏதோ பாளையம். பாளையம் இல்லாத ஊர் இந்தப் பக்கம் எது? நாற்பத்தாறு வருடமாக ஏனுங் தோழர் என்று கூப்பிடுகிறாள், நான் வாங்க மயிலாத்தா என்கிறேன், அதோடு சரி. வேலைநிறுத்த வரலாறு என்று நான் எழுதிய சிறு நூலில், அறுபத்து நாலு பக்கம், கைதானவர்கள் பட்டியல், மேடையில் பேசியவர்கள் பட்டியல், இடையில் ஒரு வரி: பெண் தோழர்களும் திரளாகக் கலந்துகொண்டனர். திரளாக. பதினொரு பேர். அவர்கள் பெயரைப் போட ஒரு வரி போதும், எனக்குப் பெயர்கள் தெரிந்தும் இருந்தன, அன்றைக்குத் தெரிந்திருந்தன, இப்போது எண்ணிப் பார்த்தால் ஆறு வருகிறது, ஏழாவது வரவில்லை. அந்த நூல் இவளிடம் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டு முதலில் வாங்கியது அதைத்தான் என்று ஒருமுறை சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகத் தன்னைத் தேடிக்கொண்டு போயிருப்பாள், அறுபத்து நாலு பக்கமும். ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததுதான் பயமாக இருக்கிறது.

இதோ வந்துவிட்டது, விருந்து. நான் ஏழு தடவை பார்த்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன், இது என் இடம், முதல் பத்தி. மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் முகமெல்லாம் கறுப்பு மை பூசிக்கொண்டு, உதட்டைச் சுற்றி வெள்ளை போட்டு, கழுத்தில் எலும்பு மாலையோடு மேசை மேல் ஏறிக் குதிக்கிறான், ஆப்பிரிக்க மன்னனாம், கோட்டுப் போட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். முன் வரிசையில் ஒரு பையன் சிரித்துவிட்டுச் சட்டென்று அடக்கிக்கொண்டான். நான் எழுதியதில் ஒரு எழுத்துப் பிசகில்லை: கறுப்பு மனிதனைக் கூப்பிடாமல் கறுப்பு மையைக் கூப்பிட்டார்கள், நிறத்தை வேடமாக்கிச் சிரித்தார்கள், காதல் கதை என்ற பேரில் இதை விற்றார்கள். நல்ல வாக்கியங்கள். இதை மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடலாம். இரண்டாம் பத்தியைத் தொடாமல், நேரமாகிவிட்டது என்று சொல்லி. அப்போது மயிலாத்தாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "தோழர், பின்னாடி பாருங்க, பின்னாடி. மேளம் வாசிக்கறாரே, அவரு மை பூசலீங். அவரு நெசமாலுமே கறுப்பு." எங்கே என்றேன். "அந்தத் தூணுகிட்ட. பாதி மூஞ்சிதான் தெரியுது." பார்த்தேன். வாத்தியக்காரர்களின் கடைசியில், படச்சட்டம் வெட்டுகிற இடத்தில், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கறுப்பு மனிதர், குச்சி இரண்டையும் பிடித்துக்கொண்டு, மேசை மேல் குதிக்கிறவனின் தாளத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தார். மூன்று வினாடி இருக்கும். "எல்லாருஞ் சிரிக்கறாங்க, அவரு சிரிக்கலீங் பாருங்க," என்றாள் மயிலாத்தாள். அதற்குள் காட்சி மாறிவிட்டது. ஏழு தடவை. ஏழு தடவையும் மேசை மேல் இருந்தவனைத்தான் பார்த்திருக்கிறேன். கறுப்பு மனிதனைக் கூப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறேன், கூப்பிட்டிருக்கிறார்கள், கூப்பிட்டுத் தூணோரம் நிற்க வைத்து, அவருக்கு முன்னாலேயே அவரைப் போல வேடம் போட்டு, அதற்கு அவரையே மேளமும் அடிக்க வைத்திருக்கிறார்கள். நான் எழுதியதைவிட இது எவ்வளவோ கேவலம். இதை எழுதியிருந்தால் அது நோட்டீஸ். நான் திட்ட வேண்டியவனைத் தேடினேன், கிடைத்துவிட்டான், அதோடு கண்ணை மூடிக்கொண்டேன். அப்படியானால் முதல் பத்தியும் போயிற்று. இனி மிச்சம் இருப்பது தலைப்பும் என் பெயரும்.

நோட்டீசை எடுத்துவிட வேண்டும். எழுந்து போய், தண்ணீர் குடிக்கிற மாதிரி, நோட்டீஸ் கட்டை அப்படியே அள்ளி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டால்? அச்சகத்தில் தப்பாகிவிட்டது என்று சொல்லலாம். அச்சகத்துக்காரன் மேல் பழி போடுவதா, நாமா? போடலாம், அவன் இங்கே இல்லை. இல்லை, மூச்சுத் திணறுகிறது என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடலாம், எழுபத்து நாலு வயதுக்கு யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், உண்மையிலேயே திணறுகிற மாதிரிதான் இருக்கிறது. முழங்காலில் கை ஊன்றிப் பாதி எழுந்தேன். "எங்கீங் போறீங்க? அந்தப் புள்ள மறுபடி பேசுது, சொல்லிப்போட்டுப் போங்க," என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்தேன். ஸ்டமாதா ஐஸ் வண்டிக்காரனோடு வாசலில் நின்று ஏதோ சொல்கிறாள், நான் படிக்கிறேன், என்ன படிக்கிறேன் என்று எனக்கே கேட்கவில்லை, என் கண் மேசைப் பக்கம் போகிறது. மேசை வெறுமையாக இருக்கிறது. ஆஃப்ரின் இருட்டில் குனிந்துகொண்டு வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வருகிறாள். படம் முடிந்த பிறகு கொடுப்பதாகத்தானே பேச்சு? எங்கள் முறையைக் கற்றுக்கொண்டுவிட்டாள், முடிவதற்கு முன்பே கைக்குப் போய்விட வேண்டும் என்று. பின் வரிசையில் போன் வெளிச்சம் தெரிகிறது, பிரிந்து போன இரண்டு பேரில் ஒருவன், பழனியப்பன், மூக்கருகே வைத்துப் படிக்கிறான். படிக்கட்டும். அவன் ஒவ்வொரு வரியாகப் படிப்பவன். மயிலாத்தாள் கையிலும் ஒன்று. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஊட்டுக்குப் போயி நெதானமாப் படிக்கறனுங்," என்றாள். படிப்பாள். எழுத்துக் கூட்டி, விடாமல், கடைசிவரை. படம் முழுவதும் அவளுக்கு ஒரு சொல் இல்லை. ஆனால் அந்தச் சொற்களை அவளுக்குச் சொன்னது என் குரல். ஊரில் யாரை வேண்டுமானாலும் ஏமாற்றலாம், இந்தப் பக்கத்து நாற்காலியை ஏமாற்ற முடியாது.

திரையில் கல்யாணம். பணக்காரிக்குப் பணக்காரன், வேலைக்காரிக்கு ஐஸ்காரன், எல்லோரும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டார்கள். ஸ்டமாதா மறுபடி கதவருகே நிற்கிறாள், வெள்ளை ஏப்ரன், கழுத்தில் மாலை இல்லை. அப்பன் தொப்பியை வாங்கிக்கொண்டு நன்றி ஸ்டமாதா என்கிறான். முன் வரிசை கைதட்டுகிறது. எதற்குத் தட்டுகிறீர்கள்? எட்டு வருடத்துக்கு ஒரு நன்றியா? ஒரு நாள் ராத்திரி நாற்காலி கொடுத்தார்கள், மறுநாள் காலையில் வாங்கிக்கொண்டார்கள், பேச விட்டது அவள் பேச்சு சிரிப்பாக இருந்த வரைக்கும்தான். இதுதான் பேச வேண்டியது, இது என் நோட்டீசில் இல்லை. துணியை விலக்குகிறார்கள், வெயில் கண்ணில் அடிக்கிறது, ஆஃப்ரின் மைக்கில் என் பெயரைச் சொல்கிறாள், நாற்பது கைகளில் நாற்பது தாள். கால் நடக்கிறது. மைக் என் உயரத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. தோழர்களே என்றேன். அது மட்டும் தானாக வந்தது. முதல் பத்தியைப் பேசினேன், கறுப்பு மை, விருந்து, சிரிப்பு, என் காதுக்கே பழைய ரெக்கார்டாகக் கேட்டது. பிறகு வாய் தன் பழக்கத்தில் இரண்டாம் பத்திக்குள் போய்விட்டது, நான் தடுப்பதற்குள் போய்விட்டது. "இப்படத்தில் உழைக்கும் பெண் ஒருத்தி வருகிறாள்," என்றேன், "படம் முழுவதும் அவளுக்கு," என்றேன், நின்றேன். பின்னாலிருந்து பழனியப்பன், "சொல்லுங்க தோழர், அவளுக்கு? எழுதியிருக்கறத வாசிங்க," என்றான். அவன் அருகில் ஒரு சிரிப்பு. மயிலாத்தாள் நாற்காலியிலிருந்தே திரும்பி அவனைப் பார்த்தாள். "ஏம் பழனியப்பா, உனக்கென்ன அவசரம்? அவரு சொல்லட்டும்," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, சாதாரணமாக, கடையில் சில்லறை மாற்றிக் கேட்பதுபோல, "அந்தப் புள்ள நல்லாத்தானுங் பேசுச்சு, நீங்கதானுங்களே படிச்சுச் சொன்னீங்க?" என்றாள்.

ஆமாம் என்றேன். பேசினாள். பெயரும் இருக்கிறது, ஸ்டமாதா. நோட்டீசில் இருப்பது தப்பு, நான் படத்தைப் பார்க்காமல் எழுதினேன். மைக் இதையும் மற்றவற்றைப் போலவே சத்தமாகச் சொன்னது. சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன், இறங்கவில்லை. ஆஃப்ரின் முகத்தைப் பார்க்கவில்லை. "பார்த்தாச்சுன்னு இந்தப் பொண்ணுகிட்டப் பொய் சொன்னேன்," என்றேன். இன்னொன்று இருக்கிறது, அறுபத்து நாலு பக்கத்தில் ஒரு வரி. முன் வரிசைப் பிள்ளைகள் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்லவில்லை. விலை குறைந்த தப்பைத்தான் ஒத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. "அந்த விருந்து இடத்தை மறுபடியும் போட முடியுமாம்மா? அதில் நான் ஒருத்தரை விட்டுவிட்டேன். நான் பார்க்கவில்லை, மயிலாத்தாதான் பார்த்தாங்க," என்றேன். துணியை மறுபடி இழுத்தார்கள். படம் பின்னோக்கி ஓடிக் குதித்து நின்றது. மேசை, மை பூசினவன், கோட்டுகள், தூண். நான் விரலை நீட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் போனேன், இதோ இவர், இவரைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே. அரங்கம் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். என் தலையும் தோளும் நீட்டிய கையும் பெரிய நிழலாகத் தூணின் மேல் விழுந்து அந்த மூலையையே மூடியிருந்தன. "தோழர், மறைக்கறீங்க," என்றாள் மயிலாத்தாள் இருட்டிலிருந்து. "குனியுங்க."

குனிந்தேன்.

"இன்னுங் கொஞ்சம்," என்றாள்.